சத்தமும் சம்பளமும்

(வண்டிப்பெரியாரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வண்டிப்பெரியாரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அணையில் இப்போது எத்தனை அடி தண்ணீர்? முல்லைப்பெரியாறு நமக்கு மேலே நிற்கிறது, அதனால் கேட்கிறார்கள், தப்பில்லை. அடி கணக்கை நாமும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஆனால் அதே ஆற்றங்கரையில் இருக்கும் தேயிலை ஃபேக்டரிக்குள் எட்டு மணி நேரம் நிற்கிறவரின் காதில் எத்தனை டெசிபல் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கணக்கைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தொடங்கும்போதே ஒன்றை ஒத்துக்கொண்டுவிடலாம். இந்த ஊரில் ஃபேக்டரிச் சத்தம் கெட்ட செய்தி இல்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேடு தாலுகாவில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. காற்றாடி நின்றது, ரோலர் நின்றது, சங்கு நின்றது. கூடவே சம்பளமும் நின்றது. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருந்த சனங்கள் பிள்ளை குட்டிகளோடு மலையிறங்கி வேலை தேடிப் போனார்கள். ஃபேக்டரி ஓடாத ஊர் எப்படி இருக்கும் என்று கண்ணால் கண்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் வந்து ‘சத்தம் கெடுதல்’ என்று ஒருவன் சொன்னால், ‘சத்தம் இல்லாததுதான் பெரிய கெடுதல்’ என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. இந்த நாட்டில் தொழிலாளியின் காதைப் பற்றி எழுதப்பட்ட சட்டங்கள் அந்த நியாயத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. சம்பளம் தருகிற சத்தத்தின் மீது யாரும் புகார் எழுத மாட்டார்கள். எனவே புகார் வந்தால்தான் அசைவேன் என்று உட்கார்ந்திருக்கும் சட்டம் அசையாமலே இருக்கும்.

நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். செவித்திறன் இழப்புக்கு எதிரான சட்டம் நம்மிடம் இருக்கிறது; அதற்கு வயதும் ஆகிவிட்டது. அது ஓடாததற்கு முதல் காரணம், வேலைக்குச் சேர்ந்த நாளில் இந்த மனிதரின் காது எப்படி இருந்தது என்று எழுதிய ஒரு தாள் யார் பெட்டியிலும் இல்லாததுதான்.

ஃபேக்டரிக்குள் போவோம். கொழுந்து லாரியில் வந்து எடை போட்டு இறங்கியதும் வாட்டும் தொட்டிக்குப் போகிறது. அங்கே பெரிய காற்றாடிகள் மணிக்கணக்கில் ஓடும். அது இரைச்சல்தான், ஆனால் மந்தமான இரைச்சல், கொஞ்ச நேரத்தில் கவனத்திலிருந்தே போய்விடும். வாடிய இலை ரோட்டர்வேனில் அரைபட்டு சி.டி.சி. மெஷினுக்குள் விழுகிறது. நசுக்கு, கிழி, சுருட்டு என்று மூன்று வேலையை ஒரே இடத்தில் செய்யும் இந்த மெஷின் 1930 வாக்கில் அசாமின் அம்குரி தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் உருவாக்கியது. பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். ஒன்று மெதுவாக, மற்றது அதைப் போலப் பத்து மடங்கு வேகத்தில். இடையில் சிக்கும் இலை தூளாகிறது. இப்படி நாலைந்து மெஷின்களை வரிசையாகப் பூட்டி, மேலே தகரக் கூரையும் சுற்றிலும் ஓடு பதித்த சுவரும் வைத்தால், பிறந்த சத்தம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்புகிறது. ரோலரின் பல் மழுங்கினால் சத்தம் கூடும். பேரிங் தேய்ந்தால் கூடும். பிறகு டிரையரின் காற்றாடி, சலிக்கும் மெஷின்களின் ஆட்டம், கரண்ட் போனால் ஜெனரேட்டர். ரோலர் பக்கத்திலும் டிரையர் பக்கத்திலும் பெரும்பாலும் ஆண்கள். சலிப்பிலும் பேக்கிங்கிலும் பெண்கள்.

டீ மேக்கருக்கு மூக்கும் கையும் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். காதும் அவருக்குக் கருவிதான். நல்ல டீ மேக்கர் ரோலரின் குரல் கொஞ்சம் மாறினாலே ‘மூணாம் நம்பர் சரியில்லை, நிறுத்து’ என்பார். எந்தச் சத்தத்தைக் கேட்டுத் தொழில் பழகினாரோ, அதே சத்தம் அந்தக் கேட்கும் திறமையை வருஷத்துக்கு வருஷம் தின்றுகொண்டிருக்கிறது. ஐம்பது வயதில் அனுபவம் உச்சத்தில் இருக்கும், அந்த அனுபவத்துக்குத் தகவல் கொண்டுவரும் வழி பாதி அடைந்திருக்கும்.

டெசிபல் கருவி இல்லாமலே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கை நீளத் தூரத்தில் நிற்கிறவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால், அந்த இடத்தின் இரைச்சல் 85 டெசிபலை எட்டியிருக்கும் அல்லது தாண்டியிருக்கும். உங்கள் மெஷின் அருகே நாளைக்கே செய்து பாருங்கள். வாய் அசைவைப் பார்த்தும் கைஜாடை காட்டியும்தான் அங்கே வேலை நடக்கிறது என்றால், சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைப் பெண்கள் தறிச் சத்தத்துக்கு நடுவே வாயை அகலத் திறந்து உதட்டசைவாலேயே பேசிக்கொள்ளும் ஒரு பேச்சையே வளர்த்து வைத்திருந்தார்கள். தறிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அக்காமார் யாராவது இருந்தால், இதில் அவர்களுக்கு ஆச்சரியம் எதுவும் இருக்காது.

காதுக்குள் என்ன நடக்கிறது? உட்காதில் நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 உணர்செல்கள், உச்சியில் மயிரிழைபோன்ற நுண்ணிழைகளோடு. ஒலியை நரம்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது இவைதான். ஒருநாள் பலத்த சத்தத்தில் நின்றால் இவை தளர்ந்து, இரவு ஓய்வில் நிமிர்ந்துவிடும். புல்தரையில் எப்போதாவது நடந்தால் புல் நிமிர்ந்துகொள்வதும், தினம் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடுவதும் போலத்தான் இது. செத்துப்போன உணர்செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. மருந்தில்லை, அறுவை சிகிச்சை இல்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் காது அடைத்தது போலவும் ‘ஙொய்’ என்றும் இருக்கிறதே, காலையில் சரியாகிவிடுகிறதே, அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் சரியாகாத நாள் ஒன்று வரும்.

முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கூர்மையான ஒலிகள். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த பக்கத்தில் நிற்கும். க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளின் கூர்மை மேலே இருக்கும். அதனால் இப்படிக் காது கெட்டவருக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை பிடிபடாது. ‘கேட்குது, புரியலை’ என்பார். ‘காலா, பாலா, சாலா’ என்று குழம்பி, ஊகித்து, தப்பாகப் பதில் சொல்லி, சிரிப்புக்கு ஆளாகி, பிறகு பேச்சையே குறைத்துக்கொள்வார். பேத்தியின் மெல்லிய குரல் முதலில் போகும். மேஸ்திரியின் அதட்டல் கடைசி வரை கேட்கும். வீட்டில் டிவியின் சத்தம் ஏறும், சண்டை வரும். கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொள்வார். அவருக்குக் கோபம் ஜாஸ்தி, வீறாப்பு ஜாஸ்தி, வயசாயிடுச்சு என்று ஊர் ஒரு பெயர் வைக்கும். ரத்தம் வராத காயத்துக்கு எப்போதும் இப்படித்தான் வேறு பெயர் வைக்கப்படுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. செம்புப் பாத்திரம் அடிப்பவர்கள் காது கேளாமல் போவதை இத்தாலிய மருத்துவர் ராமசினி முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். 1886-இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் பாய்லர் செய்யும் தொழிலாளர் 100 பேர், இரும்பு வார்ப்புத் தொழிலாளர் 100 பேர், தபால்காரர் 100 பேர் என்று வைத்துக் கடிகாரத்தின் டிக்டிக் ஒலி எவ்வளவு தூரம் வரை கேட்கிறது என்று சோதித்தார். பாய்லர்காரர்களில் ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. பொதுக்கூட்டத்தில் பேச்சைப் பிடிக்கச் சிரமப்பட்டவர்கள் அவர்களில் நூற்றுக்கு 75. தபால்காரர்களில் நூற்றுக்கு 8. அதே 1886-ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூரும் மெட்ராஸ் மாகாணமும் பெரியாற்று நீருக்குக் குத்தகைப் பத்திரம் எழுதின. அந்தப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் வைத்து இன்றைக்கும் நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம். மருத்துவர் பாரின் கணக்கை மறந்துவிட்டோம்.

இனி சட்டம். 2025 நவம்பர் 21-இல் புதிய தொகுப்புகள் நடைமுறைக்கு வரும் வரை இருந்த சட்டங்களிலிருந்து தொடங்குகிறேன். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. அதாவது அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய். அந்த நோயைக் கண்டும் தலைமை ஆய்வாளருக்கு எழுதாத மருத்துவருக்கு அபராதம் 1000 ரூபாய் வரை இருந்தது. ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு வகுத்துத் தந்த மாதிரி விதிகளில் எண்களும் உள்ளன. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல், நாலு மணிக்கு 95, இரண்டு மணிக்கு 100, ஒரு மணிக்கு 105, கால் மணிக்கு 115. அதற்கு மேல் ஒரு நொடியும் கூடாது. இந்த அளவைத் தாண்டிய இடத்தில் வேலை செய்கிறவருக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் ஒரு செவிச்சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த 90 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அமெரிக்கா 1970-களின் தொடக்கத்தில் கைக்கொண்ட அட்டவணையும் இதுவும் ஒன்றுதான். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 3 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. எனவே 85-க்கும் 90-க்கும் இடையே ஏதோ ஐந்துதான் வித்தியாசம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 90-இல் காதுக்குள் இறங்கும் ஆற்றல் 85-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998-இல் போட்ட கணக்கு இது: 40 ஆண்டு வேலை வாழ்க்கையில் 90 டெசிபலில் நின்றால் நூற்றுக்கு 25 பேருக்குக் கூடுதலாகச் செவித்திறன் கெடும், 85 என்றால் நூற்றுக்கு 8. சட்டத்தை முழுதாக மதிக்கிற ஃபேக்டரியில், ஒரு விதியும் மீறப்படாமல், நால்வரில் ஒருவருக்குக் காது போகலாம் என்பது இதன் பொருள்.

மேலே ஏற ஏற இந்த இடைவெளி இன்னும் மோசமாகிறது. நம் விதியில் 5 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. நியாஷ் சொல்வதில் 3 டெசிபல் ஏறினாலே பாதி. 100 டெசிபல் இடத்தில் நம் விதி இரண்டு மணி நேரம் நிற்க அனுமதிக்கிறது. நியாஷ் கணக்கில் 15 நிமிஷம். ஐரோப்பாவில் 2003-ஆம் ஆண்டின் ஆணைப்படி 80 டெசிபலிலேயே தொழிலாளிக்குத் தகவலும் காதுறையும் தர வேண்டும், 85-இல் உறை அணிவது கட்டாயம், உறையைக் கணக்கில் எடுத்த பிறகும் 87-ஐத் தாண்டக் கூடாது. 90-ஐ விடாமல் பிடித்திருக்கும் அமெரிக்காவும் 1983 முதல் 85-லேயே செவிச்சோதனையைத் தொடங்கச் சொல்கிறது. நாம் அவர்களுடைய பழைய எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்கள் பிறகு ஒட்டிய திருத்தத்தை விட்டுவிட்டோம்.

இன்னொரு வேடிக்கை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி மீது புகார் கொடுத்தால் போலீஸ் வரும், வர வேண்டும். ஹாரனுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் கேரளத்தில் நல்ல இயக்கம் நடத்துகிறது. பிறந்த குழந்தைக்குச் செவிச்சோதனை செய்வதிலும், ‘ஸ்ருதிதரங்கம்’ திட்டத்தில் கேளாக் குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்துவதிலும் இந்த மாநிலம் காட்டும் அக்கறை பெருமைக்குரியது. அதே குழந்தை வளர்ந்து பதினெட்டு வயதில் ஃபேக்டரிக்குள் காலை வைத்ததும் அந்த அக்கறை வாசலோடு நின்றுவிடுகிறது.

வண்டிப்பெரியாருக்கென்றே உள்ள சிக்கலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் சங்கத் தலைவர்களிலேயே பலர் இதைப் பேசுவதில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் லயத்துக்கும் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைக் காப்பகத்துக்கும் பொறுப்பாக இருந்தது. ஆனால் ‘தோட்டம்’ என்பதில், தொழிற்சாலைகள் சட்டத்துக்கு உட்பட்ட ஃபேக்டரி சேராது என்று அந்தச் சட்டமே எழுதி வைத்திருந்தது. கொழுந்து எடுக்கும் அக்கா ஒரு சட்டத்தில். அவர் எடுத்த கொழுந்தைத் தூளாக்கும் அண்ணன் இன்னொரு சட்டத்தில். அக்காவுக்குத் தோட்ட ஆய்வாளர், அண்ணனுக்கு ஃபேக்டரி அண்டு பாய்லர் துறை ஆய்வாளர். இருவரும் ஒரே லயத்தில் குடியிருக்கிறார்கள்.

அடுத்தது தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. 1948-இலிருந்தே இழப்பீட்டுக்கு உரிய இந்த நோய்க்கு, இந்தியாவில் முதல் இழப்பீடு கிடைத்தது 1996-இல்தான் என்று நாகபுரி தேசியச் சுரங்கத் தொழிலாளர் நல நிறுவனத்தைச் சேர்ந்த நந்தியும் தாத்ரக்கும் 2008-இல் எழுதினார்கள். 48 ஆண்டுகள்! சுதந்திர இந்தியாவில் ஒரு தலைமுறை வேலைக்குச் சேர்ந்து, காது கெட்டு, ஓய்வும் பெற்றுவிட்டது. சரி, பிந்தியாவது வழி திறந்ததே, அதில் நாமும் போகலாமே என்றால் முடியாது. பழைய இ.எஸ்.ஐ. சட்டம் ‘பருவகாலத் தொழிற்சாலை’களுக்குப் பொருந்தவில்லை. அந்தப் பட்டியலில் பஞ்சு அரைவை, நிலக்கடலை உடைப்பு, காப்பி, ரப்பர், சர்க்கரை ஆகியவற்றோடு தேயிலையும் இருந்தது. வருஷம் முழுக்கப் புகை போகும் ஃபேக்டரிக்குப் பருவகாலம் என்று பெயர். அதற்குப் பதிலாக வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்தக் கோட்டை அழிக்கவில்லை. தோட்ட நிர்வாகம் விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறது. இதே மாநிலத்தில், பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில், இரும்பு உருக்கும் ஆலையில் காது போனவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. பீர்மேட்டில் ரோலரில் காது போனவருக்கு இல்லை.

அவருக்கு மிச்சமிருப்பது தொழிலாளர் இழப்பீட்டு வழி. 1923-இன் இழப்பீட்டுச் சட்டத்தில் ‘சத்தத்தால் வரும் செவித்திறன் குறைவு’ தொழில் நோய் அட்டவணையில் இருந்தது. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்திருந்தால் போதும். ஆனால் ஊனத்தின் அளவு குறித்த அட்டவணையில் முழுச் செவிடு மட்டும்தான் எழுதியிருந்தது, 100 சதவீதம் என்று. பாதி கேட்கிறவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கப் போனாலும் இதே கதை. 2016-இன் சட்டப்படி இரு காதிலும் பேச்சொலி அளவுகளில் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் கணக்குத் தொடங்குகிறது. மேல்பக்க ஒலியை இழந்து ‘கேட்குது, புரியலை’ என்று நிற்கிறவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆனாலும் அந்தப் பழைய சட்டத்தில் ஒரு நல்ல வரி இருந்தது. தொழில் நோய்க்குக் காலக்கெடு, வேலைக்கு வர முடியாமல் படுத்த முதல் நாளிலிருந்து ஓடத் தொடங்கும். காது கேட்காதவர் லீவு போடுவாரா? மாட்டார். அதை யோசித்துத்தான், வேலையை நிறுத்த வைக்காத பகுதி ஊனமாக இருந்தால், தொழிலாளி தன் குறையை முதலாளிக்கு அறிவித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்று எழுதியிருந்தார்கள். வேலையை விட்ட பிறகு இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தாலும் கேட்கலாம் என்றும் இருந்தது. ஓய்வு பெறப் போகிறவர்கள் இங்கே இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எழுத்தில் ஒரு நோட்டீஸ், கையெழுத்து வாங்கிய நகல். இவ்வளவும் செய்து இழப்பீட்டை விசாரிக்கும் அதிகாரி முன்னால் போய் நின்றாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். வேலைக்குச் சேரும்போது இந்தக் காது நன்றாக இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? வயசாகி வந்ததாக இருக்கலாம், சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததாக இருக்கலாம், கல்யாண வீட்டு வெடியாக இருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் மூன்றையும் சொல்வார். சொல்வது அவர் தொழில். பதிலுக்கு நம்மிடம் தாள் இல்லை.

சரி, காதடைப்பான் கொடுத்தால் தீர்ந்ததே என்று நிர்வாகங்கள் சொல்லும். மலிவான தீர்வு, படம் எடுத்துச் சுவரில் ஒட்டவும் வசதி. ஆனால் நுரை அடைப்பானின் அட்டையில் 29 டெசிபல் தடுக்கும் என்று போட்டிருந்தால், நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை பிடிக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எட்டு மணி நேரத்தில் நாலு மணி நேரம் கழற்றி வைத்தால், அது எவ்வளவு உயர்ந்த அடைப்பானாக இருந்தாலும், மொத்தப் பாதுகாப்பு 3 டெசிபலைத் தாண்டாது. கொழுந்துச் சாறும் தூளும் ஒட்டிய கையால் அடிக்கடி எடுத்து மாட்டினால் காதில் புண் வேறு வரும். பஞ்சு வைத்துக்கொள்கிறார்களே, அது மனசுக்கு ஆறுதல்; காதுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. இதையெல்லாம் மீறி, மெஷினின் குரலைக் கேட்டே தொழில் செய்கிறவரிடம் காதை அடைத்துக்கொள் என்றால் அவர் கழற்றத்தான் செய்வார். கழற்றியதற்கு மெமோ கொடுப்பது எளிது. அந்த மெமோ பிறகு வழக்கில் நிர்வாகத்தின் சாட்சிக் காகிதமாகவும் பயன்படும் என்பதைச் சங்கத்தார் கவனிக்க வேண்டும்.

சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் முறை. ரோலரை மழுங்கும் வரை ஓட்டாமல் நேரத்துக்குச் சாணை பிடிப்பது, தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, தளர்ந்து கடகடக்கும் மூடித் தகட்டை முறுக்குவது, வளைந்த காற்றாடி இறக்கையைச் சமன்படுத்துவது, சலிக்கும் மெஷினின் காலடியில் ரப்பர் வைப்பது, ஜெனரேட்டரைத் தனி அறைக்குள் போடுவது: இவற்றில் பாதி சத்தத்துக்காகச் செய்கிற வேலையே இல்லை, நல்ல பராமரிப்பு. மழுங்காத ரோலர் தேயிலைக்கும் நல்லது. சுவரில் பஞ்சு மெத்தை போன்ற ஒலி உறிஞ்சிகளை ஒட்டச் சொல்கிற ஆலோசகர்கள் வருவார்கள். தேயிலைத் தூசி அதில் அடைந்து சுகாதாரச் சோதனையில் மாட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. மெல்லிய உறை போட்டு மூடிய பலகையாக இருந்தால்தான் உணவுப் பொருள் செய்கிற இடத்துக்கு ஆகும். இன்னொன்று, காசே செலவாகாதது: சத்தம் மிகுந்த இடத்தில் ஒரே ஆளை முப்பது வருஷம் நிறுத்தாமல் மாற்றி மாற்றி நிறுத்துவது.

2015 செப்டம்பரில் மூணாறில் நம் பெண்கள் 20 சதவீத போனஸுக்காகச் சாலையில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. தலைவர்களைத் தள்ளி வைத்துவிட்டு அவர்களே பேசினார்கள், ஜெயித்தார்கள். கூலி, போனஸ், ஒழுகும் லயம் என்று அவர்கள் கேட்டது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குறை. காது அந்த வரிசையில் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒழுகும் கூரையை விட்டுவிட்டுக் காதைப் பற்றிப் பேசு என்று சொல்கிற துணிச்சலும் எனக்கு இல்லை. அரசும் முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து உட்காரும் தோட்டத் தொழிலாளர் குழு நமக்கு இருக்கிறது. கூலி பேசுகிற அதே மேசையில், கூலிக்குப் பிறகு, கடைசிப் பொருளாகவாவது இதை வைக்கச் சொல்கிறேன். கூலியைப் போல இதில் பெரிய இழுபறிக்கு இடமில்லை.

ஏனென்றால் கேட்பது ஒரு சோதனை, ஒரு தாள். செவிச்சோதனைக் கருவி இன்று ஒரு பையில் அடங்கும். அமைதியான ஓர் அறையும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் ஒருவருக்கு இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். சோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் ஃபேக்டரிச் சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி; இல்லாவிட்டால் முந்திய ஷிப்டின் தற்காலிக மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே ஷிப்ட் முடிந்து வருகிறவரை வரிசையில் நிறுத்தி ஒரே நாளில் கேம்ப் நடத்திவிட்டுப் போவது பிரயோஜனம் இல்லை. வார ஓய்வுக்கு மறுநாள் காலையில், வேலைக்கு இறங்கும் முன் எடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த புதிய தொகுப்புகளில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவச் சோதனை உண்டு என்கிறார்கள். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் அது போதும். காதுக்கு 40 வயது மிகவும் தாமதம். முதல் பத்து ஆண்டுகளில்தான் 4000 ஹெர்ட்ஸ் பள்ளம் வேகமாக விழுகிறது.

நிர்வாகத்தார் இதைத் தங்களுக்கு எதிரானதாக நினைக்க வேண்டியதில்லை. வேறு எங்கோ கல் குவாரியிலோ தறியிலோ காதைக் கெடுத்துக்கொண்டு வந்து சேர்கிறவரின் குறை முதல் நாள் தாளிலேயே பதிந்துவிடும். அதற்கு இந்த ஃபேக்டரி பொறுப்பாகாது. பிற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வரும் பையன்கள் இப்போது பெருகிவிட்ட நிலையில், இது இரண்டு பக்கமும் காப்பாற்றும் தாள். ஒரே ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அசல் அலுவலகத்தில் இருக்கட்டும், நகல் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். தோட்டம் கைமாறும், கம்பெனி பெயர் மாறும், மூடிய ஃபேக்டரியின் ஆபீஸ் அறையில் ரெஜிஸ்டர்களைக் கரையான் தின்னும். இந்தத் தாலுகாவில் இது எல்லாமே நடந்திருக்கிறது. ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்திருக்கிற அதே பிளாஸ்டிக் கவரில், மூன்றாவதாக அந்தத் தாளும் இருக்கட்டும். அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வாசகத்தையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். சங்கத்தார் திருத்திக்கொள்ளலாம்: ‘85 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், நிரந்தரம், தற்காலிகம் என்ற பேதமின்றி, வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள்ளும் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் நிர்வாகச் செலவில் செவிச்சோதனை செய்து, முடிவின் நகலை அவர் படிக்கக்கூடிய மொழியில் அன்றே அவரிடம் கொடுக்க வேண்டும்.’